அக்கா சண்டை போடமாட்டேங்கறா

பன்னிரண்டு வருடம் இருக்கும். அப்போது நாங்கள் வியட்நாமில், சைகோனில் இருந்தோம். ஹோ சி மின் நகரம் என்பதெல்லாம் காகிதத்தில்தான். எங்கள் சந்தில் எல்லோரும் சைகோன் என்றுதான் சொல்வார்கள். டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஒல்லியாக மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் ஒரு வாடகை வீடு. அப்பாவுக்கு விமானத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை. எனக்குப் பதினாறு வயது. தங்கைக்குப் பதின்மூன்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தங்கையைக் கண்டாலே ஆகாது. சும்மா அக்கா தங்கைச் சண்டை என்று நினைக்காதீர்கள். அவள் சிரித்தால் எனக்கு வயிறு எரியும்.

நாங்கள் காரைக்கால்காரர்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்குச் சைகோன் என்றால் ஒரு மயக்கம். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அங்கே போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள் ஊரில் இன்னும் நிற்கின்றன. "கொடுத்து வச்சவங்க" என்று சொல்லித்தான் வழியனுப்பினார்கள். போக இஷ்டமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. காரைக்காலிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து சைகோன். ஒவ்வொரு ஊரிலும் நான் கஷ்டப்பட்டு ஒரே ஒரு சிநேகிதி பிடிப்பேன். அப்பாவுக்கு வேலை மாறும். அவள் கைவிட்டுப் போய்விடுவாள். தங்கைக்கு அந்தக் கவலையே கிடையாது. அவள் விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரியையே சிநேகிதியாக்கிக்கொண்டுதான் இறங்கினாள்.

வந்த கொஞ்ச நாளிலேயே அந்தச் சந்து முழுக்க அவள் கையில். காலையில் நூடுல்ஸ் வண்டிக்காரம்மா இவளுக்குக் காய்கறி மட்டும் போட்டுத் தனியாகச் சூப் வைப்பாள். லாட்டரிச் சீட்டு விற்கும் தாத்தா இவளைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். எல்லோரும் அவளை 'உத்' என்று கூப்பிட்டார்கள். கடைக்குட்டி என்று அர்த்தம். எங்கள் வீட்டுக் கடைக்குட்டி எப்படித் தெருவுக்கே கடைக்குட்டி ஆனாள்? யாரைக் கேட்டு ஆனாள்?

சாயங்காலமானால் எதிர்வீட்டுக்காரர் சக்கரம் வைத்த பெரிய ஸ்பீக்கரை வாசலுக்கு இழுத்துவந்து கரோக்கே ஆரம்பித்துவிடுவார். பீர் குடித்துவிட்டுப் பெரியவர்கள் அழுமூஞ்சிப் பாட்டு பாடுவார்கள். ஒருநாள் மைக் தங்கை கைக்குப் போனது. வியட்நாமியப் பாட்டு. பாதி வார்த்தைக்கு அவளுக்கே அர்த்தம் தெரியாது. சந்தே கைதட்டியது. நான் மாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. அவள் அதற்காக எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள், நான் கொடுத்ததில்லை. மைக் அவளுக்கு, கைதட்டல் அவளுக்கு, கட்டிலாவது எனக்கு இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் ஒரு தனியார் பள்ளி. நாங்கள் இருவரும் அங்கேதான் படித்தோம். அந்த ஊரில் மத்தியானம் சாப்பிட்டதும் எல்லோரும் தூங்குவார்கள். பள்ளியிலும் அப்படித்தான். வகுப்பில் மேசைகளை ஓரம் தள்ளி, விளக்கை அணைத்து, பாய் விரித்துப் பெண்கள் எல்லோரும் ஓர் அறையில் படுக்க வேண்டும். யார் பாய்க்குப் பக்கத்தில் யார் பாய் என்பதுதான் அங்கே எல்லாம். சிநேகிதிகள் ஒட்டி ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். ஒரு தலையணையில் மூன்று தலை இருக்கும். என் பாய் டீச்சர் மேசைக்குக் கீழே, சுவரைப் பார்த்து. தங்கை வகுப்பு கீழ்த் தளம். அவள் பக்கத்தில் படுக்கப் பெண்கள் சண்டை போட்டு, கடைசியில் முறை வைத்துக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்து அதையும் சொல்லுவாள்.

எனக்கும் ஆரம்பத்தில் வாய்ப்பு வந்தது. முதல் வாரம் நாலைந்து பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி என் கையை எடுத்து, அதிலிருந்த முடியைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அவர்களுக்குக் கையில் முடியே இருக்காது. அந்த ஊர்ப் பெண்கள் தொட்டுத்தான் பேசுவார்கள், கை கோர்த்துத்தான் நடப்பார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது. கையை வெடுக்கென்று உதறி, "டோன்ட் டச் மீ" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் முகம் சுருங்கிப் போனது. அப்புறம் ஒருத்தியும் வரவில்லை.

தங்கை கையையும் தடவியிருக்கிறார்கள். அவள் என்ன செய்தாளாம்? இன்னொரு கையையும் நீட்டினாளாம். "இதுலயும் இருக்கு, பாரு" என்று.

வித்தியாசம் அவ்வளவுதான். அவளுக்கு அது யாரும் சொல்லிக்கொடுத்து வரவில்லை. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. நாலு பேர் பேசிக்கொண்டு நிற்கிற இடத்துக்குள் எப்படி நுழைவது, ஒருத்தி கோபித்துக்கொண்டால் மறுநாள் என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது, இதெல்லாம் எங்கள் வீட்டில் பாடமே இல்லை. மார்க் என்ன? அடுத்த பரீட்சை எப்போது? இவ்வளவுதான் அப்பா பேச்சு. அம்மாவுக்கு அந்த ஊரில் பேச ஆளே இல்லை. அவள் பாஷை தெரியாமல் சமையலறையிலேயே கிடந்தாள். அவளிடம் போய் நான் எதைக் கேட்பது?

தீபாவளிக்கு அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒரு அடுக்குமாடி வீட்டில் கூடின. தங்கை ஆடினாள், பாடினாள், குழந்தைகளையெல்லாம் ரயில் வண்டி மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினாள். நான் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்தேன். கூட்டத்துக்குள் போகாமல் இருக்க அது ஒரு சாக்கு. ஒரு மாமி அம்மாவிடம் சொன்னார், "சின்னது வாயாடி. பெரியவதான் உங்களுக்கு வாச்ச பொண்ணு. இருக்கிற இடமே தெரியல பாருங்க. என்ன அடக்கம்!"

அம்மா முகம் பூரித்துப் போனது. எனக்கு அந்த மாமி தலையில் வெங்காயக் கூடையைக் கவிழ்க்கவேண்டும் போல இருந்தது. அடக்கமாம். கூட்டத்தைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு இவர்கள் வைத்த பெயர் அடக்கம்.

அதற்கு அப்புறம்தான் எனக்கு என்னமோ ஆக ஆரம்பித்தது. எந்த நாளில் என்று சொல்லத் தெரியாது. வீட்டுக்கு மேலே விமானம் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொள்வேன். ஒருநாள் கவனித்தேன், நான் பொத்திக்கொள்வதே இல்லை. சத்தம் கேட்கிறது, ஆனால் எனக்கு ஒன்றுமில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. தலைக்குக் குளிக்கக் கையைத் தூக்குவதே பெரிய வேலையாக இருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் படுத்துவிடுவேன். படிக்கிறாள், களைப்பு என்று அப்பா நினைத்தார்.

அந்த ஊரில் டெட் என்று புத்தாண்டுக் கொண்டாட்டம் உண்டு, நமக்குப் பொங்கல் மாதிரி. அதற்கான பள்ளி விழாவில் தனியாகப் பாடத் தங்கையைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். மூச்சிரைக்க ஓடிவந்து என் கட்டிலருகே நின்று சொன்னாள். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். வழக்கமாக இந்த மாதிரிச் சேதிக்கு என்னிடமிருந்து ஏதாவது பறந்து வரும், தலையணையாவது, திட்டாவது.

"சரி," என்றேன்.

"சரின்னா?"

"நல்லா பாடு."

அவள் அசையாமல் நின்றாள். பிறகு பயந்தவள் மாதிரி கேட்டாள், "அக்கா, நான் ஜன்னலோரம் படுத்துக்கட்டா?" எழுந்து இடம் மாறிக்கொண்டேன். அவள் படுக்கவில்லை. சண்டைக்கு இழுக்கத்தான் கேட்டிருக்கிறாள்.

எனக்கு அத்தை போட்ட வெள்ளிக் கொலுசு ஒன்று இருந்தது. கனமான முத்துக் கொலுசு. தங்கைக்கு அதன்மேல் உயிர். நான் தொடவே விடமாட்டேன், துணிக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்திருப்பேன். சில நாள் கழித்து அதை எடுத்து அவள் படுக்கையில் போட்டேன். "வச்சுக்கோ. எனக்கு எதுக்கு?" என்றேன். அன்பினால் கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள்மேல் எனக்கு அன்பும் இல்லை, பொறாமையும் இல்லை. ஒன்றுமே இல்லை. இனி எனக்கு எதுவும் தேவைப்படாது என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

தங்கை கொலுசைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். கீழே பேச்சு கேட்டது.

"அம்மா, அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"என்ன ஆயிடுச்சு? பெரியவளா லட்சணமா விட்டுக்கொடுக்கறா. நீயும் கத்துக்கோ."

"இல்லம்மா, நான் பாடறேன்னு சொன்னேன், நல்லா பாடுங்கறா!"

"வேற என்னடி சொல்லணும்? போய்ப் படி."

அப்பாவிடமும் போய்ச் சொன்னாள். இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாமல் இருப்பதே நிம்மதி என்றார் அவர். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் நிஜமாகவே எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், தங்கையைத் தவிர.

ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். அம்மா எங்கள் இரண்டு பேரையும் நகரத்துக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கோயில் நம்முடையதுதான், ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள். அவர்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, கருவறைக்குப் பின்பக்கம் போய்க் கல்சுவரில் முகத்தை ஒட்டிவைத்து வாய்விட்டுப் பேசுவார்கள். வியாபாரம், பிள்ளை, வியாதி, எல்லாம் அந்தச் சுவரிடம் சொல்வார்கள். நாம் அப்படிச் செய்வோமா? கண்ணை மூடுவோம், மனசுக்குள் நினைப்போம், திருநீறு பூசிக்கொண்டு வந்துவிடுவோம். அம்மாவுக்கு அந்தச் சுவர்ப் பேச்சைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

தங்கைக்குத்தான் எந்த ஊர்ப் பழக்கமும் உடனே ஒட்டிக்கொள்ளுமே. நாங்கள் சுற்றி வரும்போது அவள் நின்றுவிட்டாள். ஒரு வியட்நாமிய அம்மாளுக்குப் பக்கத்தில் போய், இரண்டு கையையும் விரித்துச் சுவரில் வைத்து, கன்னத்தையும் வைத்துப் பேச ஆரம்பித்தாள். தமிழில். மெதுவாகப் பேச அவளுக்கு எப்போதுமே வராது.

"மாரியம்மா, எங்க அக்காவைப் பழையபடி ஆக்கிடு. அவ என்கூடச் சண்டையே போடமாட்டேங்கறா. என்மேல பொறாமையே படமாட்டேங்கறா. ஜன்னல் கட்டிலக் குடுத்துட்டா, கொலுசைக் குடுத்துட்டா. எனக்கு அது வேணாம். அம்மாகிட்ட சொன்னா நம்பமாட்டேங்குது, அப்பாவும் நம்பமாட்டேங்குது. உனக்குத் தமிழ் தெரியுமில்ல? நீயாவது நம்பு."

சொல்லச் சொல்ல அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்திலிருந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அவர் தன் வேண்டுதலை நிறுத்திக்கொண்டு, இவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

அம்மா கையில் தேங்காய்த் தட்டோடு அப்படியே நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். எத்தனையோ வாரங்களுக்கு அப்புறம் என்னை ஒழுங்காகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். சிக்குப் பிடித்த தலை, தோளிலிருந்து வழிந்து தொங்கும் சுடிதார். அவள் கண் ஒவ்வோர் இடமாகப் போவது எனக்குத் தெரிந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

திட்டுகிற குரல் இல்லை. அதனால்தான் பதில் வந்தது.

"தெரியலம்மா. எனக்கு இருக்கவே பிடிக்கல."

அம்மா தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். என்னையும் இழுத்து உட்காரவைத்தாள். அறிவுரை சொல்வாள், 'உனக்கு என்ன குறை வச்சோம்' என்று கேட்பாள் என்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. டாக்ஸியில் வீட்டுக்கு வரும்வரை பிடித்திருந்தாள். தங்கை முன் சீட்டில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தாள். அழும்போதும் அவளுக்கு ஊரோடு பேச வாய் இருக்கிறதே என்று தோன்றியது. அது பொறாமையா என்று தெரியாது. ஏதோ ஒன்று.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பரீட்சை பயம், ஊருக்குப் போய் வந்தால் சரியாகிவிடும் என்றார். அம்மா அவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். மறுநாளே ஆங்கிலம் தெரிந்த ஒரு மனநல டாக்டரிடம் போனோம். அந்த ஊர்ப் பெண்மணி. என்னிடம் தனியாகவும் பேசினார், அம்மா அப்பாவை வைத்தும் பேசினார். எத்தனை ஊர் மாறினாய், யாரிடம் பேசுவாய், எப்படித் தூங்குகிறாய், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றெல்லாம் கேட்டார். கடைசிக் கேள்விக்கு அம்மாதான் பதில் சொன்னாள். நான் பிறந்த சமயத்தில் அவளுக்கும் இப்படி இருந்ததாம். பேசாமல், சாப்பிடாமல், குழந்தையைக்கூடத் தூக்காமல் மூலையில் கிடந்தாளாம். யாரும் அதை வியாதி என்று சொல்லவில்லையாம். 'நல்லா அடங்கிட்டா' என்றார்களாம். அப்பா அதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறார். பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷன்.

மாத்திரை கொஞ்ச நாள், பேச்சு ரொம்ப நாள். மந்திரம் போட்ட மாதிரி எதுவும் மாறவில்லை. அடுத்த மாற்றல் வந்தபோது அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டர் எனக்குச் சின்னச் சின்ன வேலை கொடுப்பார். தெருவில் ஒரு ஆளிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வா என்பார். நான் நூடுல்ஸ் வண்டிக்காரம்மாவிடம் போய், மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தேன், சாப்பிட்டீங்களா என்று. அவள் வாயெல்லாம் பல்லாக, பாதி ஜாடையிலேயே, நீ ஏன் இப்படி எலும்பாக இருக்கிறாய், உன் தங்கை எவ்வளவு அழகு என்றாள். பாருங்கள், முதல் பேச்சே இப்படி. ஆனாலும் மறுநாளும் போனேன். பள்ளியில் அன்று என் கையைத் தடவிய அந்தப் பெண்ணிடம் ஒருநாள் என் கையை நீட்டி, "சாரி" என்றேன். அவள் யோசித்துவிட்டு முடியைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். சரியான வலி. அன்று மத்தியானம் அவள் பாய் என் பாயிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. ஒட்டவில்லை. ஆனால் டீச்சர் மேசைக்குக் கீழே நான் தனியாக இல்லை.

ஒருநாள் சாயங்காலம் நான் படித்துக்கொண்டிருந்தேன். கீழே ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. தங்கை பாடுவதற்காக மாடியிலிருந்து இறங்கி ஓடினாள். ஒவ்வொரு படிக்கும் ஜல் ஜல் என்று சத்தம். என் கொலுசு. என் அத்தை எனக்குப் போட்ட கொலுசு. அதைப் போட்டுக்கொண்டு என் காது பக்கத்திலேயே குதித்துப் போகிறாள், அங்கே போய்க் கைதட்டல் வேறு வாங்கப் போகிறாள். அடிவயிற்றிலிருந்து சுருக்கென்று ஏறியது. நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. படிக்கட்டு மேலே நின்று கத்தினேன்.

"ஏய்! கழட்டுடி அதை! அது என்னோடது!"

தங்கை பாதிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, சந்தே கேட்கிற மாதிரி கூவினாள்.

"அம்மா! ஓடி வா! அக்கா என்னைத் திட்டறா!"

அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். மூன்று பேரும் படிக்கட்டில் நின்று அழுதோம். அதற்காகக் கொலுசை விட்டுவிடுவேனா? அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டுதான் மேலே போனேன். கட்டிலையும் திருப்பி வாங்கினேன்.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். தங்கை சைகோனிலேயே தங்கிவிட்டாள். தூ டுக் என்ற பகுதியில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை, ஊர் முழுக்க சிநேகிதர்கள். அவள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. கூட்டத்துக்குள் நுழைய எனக்கு இன்றும் வியர்க்கிறது. ஆனால் யாராவது தங்கள் பிள்ளையைக் காட்டி, "இப்பல்லாம் ரொம்ப அமைதியாயிட்டா, ஒரு தொந்தரவும் இல்ல" என்று பெருமையாகச் சொன்னால் நான் சும்மா விடுவதில்லை. என்ன சாப்பிடுகிறாள், யாரோடு பேசுகிறாள், கடைசியாக எப்போது சண்டை போட்டாள் என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவேன். அதிகப்பிரசங்கி என்று திட்டுகிறார்கள், திட்டட்டும். தங்கைமேல் பொறாமை வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் கல்சுவரும் அதில் ஒட்டியிருந்த அவள் கன்னமும் ஞாபகம் வருகிறது. வயிறு எரிகிறதா, அப்படியானால் நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.